தாதா படம்

துப்பாக்கிப் படம் என்றாலே எனக்கு ஆகாது. நேற்று மகள் போட்ட தாதா படத்தை மட்டும் எழும்பாமல் பார்த்தேன். தாதா சேற்றில் வழுக்கி விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

சுனாமி அம்மாவைக் கொண்டுபோன பிறகு, வாகரை முகாமில் ஒரு பின்னேரம் இப்படியொரு படம் போட்டார்கள். கூடாரத்துக்குள் ஜெனரேட்டர் புகையும் ஈரப் பாயின் மணமும். பல நாளாகப் பேசாதிருந்த அண்ணன் என் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"தங்கச்சி, இவனுக்குச் சுடவே தெரியாதுகா!"

அப்பா சிரிக்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இயக்கத்துக்கென்று அவனைப் பிடித்துக்கொண்டுபோய்க் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். சண்டை முடிந்தும் அவன் வரவில்லை. செங்கலடிச் சந்தியில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துப் பார்த்தே அப்பாவும் போய்விட்டார்.

"நல்லா இருந்திச்சா அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்" என்றேன். அண்ணனின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவன் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில் வருவதுமில்லை.