பெற்றோர் பிரதிநிதியாக நான் பேருந்தில் போனது

என் மகளின் கல்லூரிப் பேருந்து இன்றுவரை ஓடாததற்கு நானும் ஒரு காரணம். லஞ்சம் வாங்கவில்லை, மிரட்டலுக்குப் பணியவில்லை. மரியாதையாகப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கல்லூரி ஆனேக்கல்லைத் தாண்டி இருக்கிறது. நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில். பிள்ளைகள் குறைவு என்று எங்கள் பக்கத்துப் பேருந்தை நிர்வாகம் நிறுத்திவிட்டது. அதிலிருந்து மகளுக்கு ஆனேக்கல் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முதல் வகுப்பு பெரும்பாலும் போய்விடும். வருகைப் பதிவு இன்னும் கொஞ்சம் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. குழுதான் கல்லூரிக்கு கிரேடு போடும். அதற்குமுன் பெற்றோரையும் சந்திக்கும். குழுவின் காதில் போட்டால் பேருந்து தானாக வந்துவிடும் என்று பெற்றோர்கள் வாட்ஸப்பில் கூடி முடிவெடுத்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் பேசும் பொறுப்பு எனக்கு. மகளுக்கு அப்போதே சந்தேகம்.

"ஒரே ஒரு வரிதான்ப்பா. பஸ் விடச் சொல்லு. கல்வின்னா என்னன்னு ஆரம்பிக்காத."

கல்வி என்றால் என்ன என்று நான் ஏற்கெனவே மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அன்று காலை எங்கள் குடியிருப்பு வாசலிலேயே ஒரு வெள்ளைப் பேருந்து வந்து நின்றது. பெற்றோரை அழைத்துப்போக நிர்வாகம் அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தது. பக்கவாட்டில் கல்லூரிப் பெயரோடு பேனர். டிரைவர் "பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க சொல்லி வரவேற்று ஜன்னலோர சீட்டைக் காட்டினார். ஏசி வேறு. சாய்ந்து உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் மனப்பாடம் செய்தேன்.

கல்லூரி முழுக்க பெயின்ட் வாசனை. வரிசையாகப் பூந்தொட்டிகள், ஒன்றிரண்டில் நர்சரியின் விலைச்சீட்டு அப்படியே இருந்தது. செமினார் ஹாலில் குழுவாக மூன்று பேராசிரியர்கள், டீ, முந்திரி பிஸ்கட். தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, வருவதற்குச் சிரமமில்லையே என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். எவ்வளவு பண்பான மனிதர். சிரமமே இல்லை, காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்றேன்.

தலைவர் குறித்துக்கொண்டார். பிரின்சிபால் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் மேல்மாடியிலிருந்து வந்திருந்த ஒரு மாணவியின் அம்மா என் முழங்கையில் இடித்தார்.

விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைவர் நூலகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுவிட்டார். புத்தகம் என்றால் எனக்குத் தலைகால் புரியாது; பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த நூலகத்தில் நான் காலே வைத்ததில்லை என்பதுகூடப் பேச்சுக்கு இடைஞ்சலாக இல்லை. நான் முடித்தபோது பெற்றோருக்கு ஒதுக்கிய நேரமும் முடிந்திருந்தது. வெளியே டிரைவர் பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பும்போது மேல்மாடி அம்மா என்னைவிட்டுத் தள்ளிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைத்தது. போக்குவரத்து வசதியில் பெற்றோருக்கு முழுத் திருப்தி என்று அறிக்கையில் ஒரு வரி. மகள்தான் படித்துக் காட்டினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனில் காலை அலாரத்தை இன்னும் அரை மணி முன்கூட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லவேளைப்பா, டீ பிஸ்கட்டோட விட்டாங்க. சாப்பாடு போட்டிருந்தா ஃபீஸையும் ஏத்தச் சொல்லிட்டு வந்திருப்ப."