இன்ஜினியரம்மாவின் இரண்டு ஏஸ்

லஹ்தி ஊரில் பாதிப்பேரையாவது ஒருமுறை ஃபெயிலாக்கியவர் ரைலி துர்ப்பெயினன். ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வை நடத்துகிறவர்களை நாங்கள் இன்ஜினியர் என்றுதான் சொல்வோம். படித்தது என்னவாக இருந்தாலும் சரி, பெயர் அதுதான். ரைலி பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தால் நல்ல ஓட்டுநருக்கும் கை வியர்க்கும். அதட்ட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். முடிவில் பெல்ட்டைக் கழற்றியபடி, "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க" என்பார். என்னிடமும் சொல்லியிருக்கிறார். அப்போது நான் அவர் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் குடியிருந்தேன். அதற்காக ஒரு சலுகையும் கிடையாது.

ஆளுக்கு இரண்டு சீட்டை மறைவாகக் கொடுத்துப் பந்தயம் கட்டும் போக்கரை இணையத்தில் ஆடும் காய்ச்சல் ஊரைப் பிடித்த ஆண்டுகள் அவை. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்த பையன்கள் திரையில் எட்டு மேஜைகளைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட சீட்டுக்கெல்லாம் பந்தயத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரைலியின் கணவர் தாய்ஸ்தோ குழாய் வேலை செய்பவர். அவரையும் அது பிடித்தது. தாய்ஸ்தோவுக்கு எந்தச் சீட்டையும் புண்படுத்த மனசு வராது. ஜாக்கியும் மூன்றும் வந்தால்கூட, "பாவம், இதுக்கும் ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாப்போமே" என்று உள்ளே போவார். போன காசு திரும்பியதே இல்லை.

ஒரு நாள் அவருக்குப் பின்னால் துணி தேய்த்துக்கொண்டிருந்த ரைலி கேட்டார்.

"எல்லாத்தையும் ஏன் ஆடுற?"

"ஆடத்தானே உக்காந்திருக்கேன்."

"தள்ளு, நான் பாக்கறேன்."

அன்றிலிருந்து அந்த நாற்காலி ரைலியுடையது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, மிஞ்சிப்போனால் ஏஸும் ராஜாவும். இவை வந்தால் ஆடுவார். மற்றதெல்லாம் பந்தயம் கட்டாமல் கவிழ்த்துவிடுவார். ஒரு கையால் கவிழ்த்துக்கொண்டே மறு கையால் சட்டைக் காலரைத் தேய்ப்பார். கோபம் கிடையாது, பதற்றம் கிடையாது. நல்ல ஜோடி வந்தால் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுசாக ஏற்றுவார்.

"அவ்வளவு நேரம் சும்மா இருந்த ஆள் திடீர்னு ஏத்தினா எல்லாரும் ஓடிட மாட்டாங்களா?" என்று நான் கேட்டதுண்டு.

"ஓடணும். ஆனா யாரு பாக்கறாங்க? ஆளுக்கு எட்டு மேஜை வெச்சிருக்கான். நான் இருக்கேன்ங்கறதே அவனுக்குத் தெரியாது" என்றார்.

அப்படித்தான் நடந்தது. அவசரக்காரன் எவனாவது ஒருவன் இரண்டு ஒன்பதை வைத்துக்கொண்டு வந்து விழுவான். ரைலி நன்றி சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார். அரட்டைப் பெட்டியில் ஒருவன் "கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, உயிரோட இருக்கியா?" என்று எழுதினான். "இருக்கேன்" என்று பதில் போட்டார்.

ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில் ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். அதற்கு நுழைவுச்சீட்டு பெற இணையத்தில் ஒரு தகுதிச்சுற்று. கடைசியில் மிஞ்சும் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி நுழைவுச்சீட்டு, ஒரே மாதிரி அறை. ஏழாமவருக்கு ஒன்றுமில்லை. துளையிடும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் கீழே போன நேரத்தில் சரியாக ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள். ரைலியிடம் பந்தயச் சில்லுகள் தாராளமாக இருந்தன. ஒருவனிடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு பிடி.

அப்போது ரைலிக்கு இரண்டு ஏஸ் வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவன், எல்லாரையும்விடப் பெரிய குவியல் வைத்திருந்தவன், மொத்தத்தையும் உள்ளே தள்ளினான்.

ரைலி கவிழ்த்துவிட்டார்.

தாய்ஸ்தோவின் காபி மேஜையெல்லாம் ஓடியது. "ரெண்டு ஏஸ்! அதைவிடப் பெரிசா இந்த உலகத்துல ஒண்ணும் கிடையாது! அடிப்பாவி, அதையும் கவுத்துட்டியா?"

"தோக்க வாய்ப்பு இருக்கா இல்லையா?"

"கொஞ்சூண்டு!"

"தோத்தா ஏழாவது நான்தான். அந்தக் கொஞ்சூண்டை நான் எதுக்கு வாங்கணும்? முதலாவதா வந்தாலும் அதே டிக்கெட், ஆறாவதா வந்தாலும் அதே டிக்கெட். லைசென்ஸ்ல யாராவது மார்க் போடறாங்களா?"

தாய்ஸ்தோ என்னைப் பார்த்தார். எனக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே அந்த ஒரு பிடிக்காரன் காலியானான்; மிஞ்சியவர்கள் ஆறு பேர். ரைலி துணியை எடுத்துக் காபியைத் துடைத்தார்.

பிப்ரவரியில் கப்பல் ஏறினார்கள். அங்கே நடந்தது தாய்ஸ்தோ சொன்னதும், பிறகு ரைலியே ஒப்புக்கொண்டதும்.

மேஜையில் எதிரே ஒரு இளைஞன். பெயர் யேரே. முன்னால் மலைபோல் சில்லுகள். ரைலியைப் பார்த்ததும் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டான்.

"இன்ஜினியரம்மா! என்னை ஞாபகம் இருக்கா?"

"சைக்கிள்காரருக்கு வழி விடல."

"அது முதல் தடவை."

"ரெண்டாவது தடவையும் அதே சைக்கிள்காரர்தான்."

மேஜை முழுக்கச் சிரித்தது. யேரே மற்றவர்களிடம் திரும்பினான். "சிரிக்காதீங்கப்பா. இந்தம்மா முழுசா சரியா இல்லாம எதுக்கும் சரின்னு சொல்லாது. லைசென்ஸ் எடுக்க நான் வேற ஊருக்கே போக வேண்டியதாப் போச்சு."

ரைலி வழக்கம்போல் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். கப்பலுக்கு வெளியே பனிக்கட்டி உராயும் சத்தம். வெகுநேரம் கழித்து யேரே ஏற்றியபோது, ரைலி தன் இரண்டு சீட்டின் மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். ஏஸ், ஏஸ். எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார்.

யேரே தாடையைத் தடவினான். சீட்டைப் பார்த்தான், ரைலியைப் பார்த்தான். பிறகு தன்னிடமிருந்த இரண்டு ராணிகளையும் எல்லாருக்கும் தெரியும்படி மல்லாத்திப் போட்டு, "இந்தத் தடவை வழி விட்டுட்டேன்" என்றான். அவ்வளவு பெரிய ஜோடியைக் கைவிட்டதற்கு மேஜையே கைதட்டியது.

சில்லுகளை இழுத்துக்கொண்ட ரைலி, திருப்திக்காக இன்னொரு முறை சீட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மறைவாகப் பார்த்தார். ஒன்று ஏஸ். மற்றது நான்கு; மங்கலாகப் பார்த்தால் A-வும் 4-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டுத் திரையில் சீட்டு உள்ளங்கை அளவு தெரியும். படிக்கும் கண்ணாடியோ கப்பல் அறையில், கைப்பைக்குள் இருந்தது.

காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. கவிழ்த்தே கொடுத்துவிட்டார். ஆனால் இடைவேளையில் மனசு கேட்கவில்லை. காபி வரிசையில் யேரேயின் பின்னால் போய் நின்றார்.

"அது நாலு."

"எது நாலு?"

"என்னோட ரெண்டாவது ஏஸ். கண்ணாடி போட்டுக்கல."

யேரேவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தட்டோடு சேர்ந்து சிரித்துக் குலுங்கினான். "கண்ணாடி இல்லாமலா ஓட்டுனீங்க? இதுக்கே என்னை ஃபெயில் பண்ணியிருப்பீங்களே!"

"பண்ணியிருப்பேன்" என்றார் ரைலி.

அவன் சும்மா இருப்பானா? இடைவேளை முடிவதற்குள் கதை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும் அம்மா இல்லாத சீட்டை இருப்பதாக உதார் விடுகிறார் என்றுதான் பாதிப்பேர் கேள்விப்பட்டார்கள். ரைலி கண்ணாடியோடு திரும்பி வந்தார். சற்று நேரத்தில் ராஜா ஜோடி வந்தது. மொத்தத்தையும் தள்ளினார். இப்போது ஓட யாரும் தயாராக இல்லை. இரண்டு பேர் எதிர்த்து வந்தார்கள், அதில் ஒருவன், அதற்குள் தன் மலையில் பெரும்பகுதியைத் தொலைத்திருந்த யேரே.

"சத்தியமா இது ராஜாதான்" என்று ரைலி முன்கூட்டியே சொல்லியும் பார்த்திருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. இருவரும் காலி.

அவர் முதல் பரிசு வாங்கவில்லை. முறைவைத்து எல்லாரும் போடவேண்டிய கட்டாயப் பந்தயம் ஏற ஏற, காத்திருப்பவரின் குவியல் தானாகவே கரையும். கடைசி மேஜைவரை போய், ஆடத் தகுந்த சீட்டே வராமல் எட்டாவதாக எழுந்தார். "கண்டதை ஆடித் தோக்கறதுக்கு இது மேல்" என்றார். பரிசில் தாய்ஸ்தோவின் படகுக்கு ஒரு புது மோட்டார் வந்தது.

அடுத்த ஆண்டும் அவருக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது. கப்பல் காபி வாயில் வைக்க முடியாது என்று சொல்லி, அதைத் தாய்ஸ்தோவிடம் கொடுத்துவிட்டார். கப்பல் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் தாய்ஸ்தோ போட்டியிலிருந்து வெளியேறிவிட்டார். ஜாக்கியும் ஐந்தும், இரண்டும் ஒரே ரகமாம். மிச்சப் பயணம் முழுக்க நடனக்கூடத்தில் டாங்கோ ஆடிவிட்டு, முகம் நிறையச் சிரிப்போடு வீடு வந்து சேர்ந்தார்.