ஈல்டு கட்டத்தில் ஐந்நூறு

1. மூன்றும் போச்சு

பெங்களூரிலிருந்து ஃபோன் வந்ததும் மேனேஜர் வெங்கடேசன் சார் நேராக என் அறைக்கு வந்தார்.

"நூர்ஜஹான், மூணு சாம்பிளும் போச்சு. பாதி டெஸ்ட்கூடத் தாண்டல."

ஓசூரில் லாரிகளுக்கு வார்ப்பிரும்பு பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. போனது, பெங்களூர் லாரி கம்பெனிக்கு டெஸ்டுக்கு அனுப்பியிருந்த சஸ்பென்ஷன் பிராக்கெட், லாரியின் எடையைத் தாங்கிப் பிடிக்கும் பாகம். அது சுமையைத் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ரிப்போர்ட் கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டிசைன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் மென்பொருள் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பாகத்தை வரைந்து, உலோகத்தின் பலத்தை எண்ணாகக் கொடுத்து, சுமையை ஏற்றினால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு திரையில் வண்ணப் படம் வரும். பச்சை என்றால் தாங்கும், சிவப்பு என்றால் தாங்காது. எங்கள் பிராக்கெட் முழுக்கப் பச்சையாக வந்திருந்தது.

"கம்ப்யூட்டர் தாங்கும்னு சொல்லுது. அப்ப மெட்டல்தான் மோசம். ஊத்துனது யாரு?" என்றார் சார்.

ஊற்றியவர் முனிராஜ் அண்ணன். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரர், பதினோரு வருடமாக இரும்பு உருக்கும் ஃபர்னஸில் நின்றவர். அவரை சஸ்பெண்ட் செய்ய மெமோ டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

2. வளைந்திருந்தது

மறுநாள் உடைந்த சாம்பிள்கள் திரும்பி வந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு முனிராஜ் அண்ணன் என் அறைக்கு வந்தார். ஏசி அறை என்று ஷூவை வாசலிலேயே கழற்றியிருந்தார்.

"மேடம், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒன்னே ஒன்னு கேக்கறேன். கெட்ட இரும்புன்னா பட்டுன்னு முறிஞ்சிடும். இது மொதல்ல வளைஞ்சிருக்குது, அப்பறந்தான் விரிசல் வுட்டிருக்குது. நாம ஊத்தறது வளையற ரகம், நல்லா இருந்தாத்தானே வளையும்?"

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தது. அதுவரை அதைக் கவனிக்கத் தோன்றவில்லை எனக்கு.

அந்த பிராக்கெட்டிலிருந்தே ஒரு துண்டு வெட்டி, லேத்தில் கடைந்து, லேபில் இருந்த டென்சைல் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு ஈல்டு. அது 325 மெகாபாஸ்கல். கடைசியில் அது தாங்கிய உச்ச அளவு டென்சைல். அது 512. டிராயிங் கேட்டது குறைந்தது 320, 500. இரண்டிலும் பாஸ். மெட்டலில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் தப்பு என் பச்சையில்தான். திரும்பி வந்து பழைய ஃபைலைத் திறந்தேன். மெட்டீரியல் பக்கத்தில், ஈல்டு என்ற கட்டத்தில், 500 என்று இருந்தது. நான் அடித்ததுதான். கையேட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு எண்களில் டென்சைலை எடுத்து ஈல்டு கட்டத்தில் போட்டிருக்கிறேன். சுமை ஏறும்போது பிராக்கெட்டின் மூலையில் விழும் ஸ்ட்ரெஸ் 370. ஐந்நூறோடு ஒப்பிட்டு, தாங்கும் என்று மென்பொருள் பச்சை காட்டியிருக்கிறது. 320 என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். விரிசல் விட்ட அதே மூலையில் சிவப்பு வந்து நின்றது.

அந்த எண்ணை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் இன்னும் ப்ரொபேஷனில்தான் இருந்தேன்.

இரண்டு படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த மெமோவ முனிராஜ் அண்ணனுக்குக் குடுக்காதீங்க. எனக்குக் குடுங்க."

"என்னம்மா சொல்ற?"

சொன்னேன். அவர் இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கஸ்டமர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நடந்ததச் சொல்லிடலாம் சார். கூடவே தாங்குற டிசைனையும் குடுத்துடலாம். நாலு நாள் டைம் குடுங்க."

அவர் ஃபோனை எடுத்து மெமோவை நிறுத்தச் சொன்னார்.

3. நிறுத்தச் சொன்னார்கள்

மூலையின் வளைவு ஆரத்தை நான்கு மில்லிமீட்டரிலிருந்து பத்தாக்கினேன். பின்புறம் முட்டுக்கொடுக்கச் சின்னதாக ஒரு ரிப் வைத்தேன். எடை இருநூறு கிராம்தான் கூடியது. ஸ்ட்ரெஸ் 210க்கு இறங்கியது. இந்த முறை மெட்டீரியல் பக்கத்தை லேப்காரரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அச்சு எடுக்கும் பேட்டர்னைத் திருத்தி, முனிராஜ் அண்ணனே ஊற்றினார். அடுத்த மாதம் மூன்று புதுச் சாம்பிள்களோடு அவரும் நானும் பெங்களூர் பஸ் ஏறினோம்.

முழு டெஸ்ட்டும் ஓடி முடிந்தது. நம்பாமல் இன்னும் அதே அளவு ஓட்டினார்கள். அதையும் தாண்டியது. கடைசியில் அவர்களே சுமை ஏற்றும் ரிக்கை நிறுத்தச் சொன்னார்கள். முனிராஜ் அண்ணன் பிராக்கெட்டைக் கழற்றி, ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"நூல் அளவுகூட நவுரல மேடம்!"

கஸ்டமரின் சீஃப் இன்ஜினியர் கன்னடக்காரர்; தமிழ் நன்றாகவே பேசுவார். "மொதல் ரிப்போர்ட்ல தப்பு யாருது?" என்று கேட்டார்.

"என்னுது சார்."

அவர் புது ரிப்போர்ட்டைப் புரட்டினார். "அடுத்த ஆக்ஸில் பிராக்கெட்டும் உங்க கம்பெனிக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன். ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் முனிராஜ் அண்ணன் எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

இப்போது மென்பொருளே உலோகங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பெயரைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் தானாக வந்து நிரம்பும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, அதில் எது ஈல்டு, எது டென்சைல், எந்த அலகு என்று ஒவ்வொரு முறையும் நின்று பாருங்கள். உங்கள் ஷெட்டில் ஊற்றிய இரும்பை ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். என் அறையிலிருந்து மேனேஜர் அறைக்கு முப்பது அடி இருக்கும். அதை நடந்து கடந்த அன்றுதான் நான் இன்ஜினியர் ஆனேன்.