உண்ணாமலையின் பெருவிரல்கள்

கந்தர்வக்கோட்டையில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எந்த ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தாலும், அதில் பாதி எங்கள் உண்ணாமலை டிசைன் செய்ததாகத்தான் இருக்கும். அவள் கடைக்கு அடுத்த கடையில் நான் டீ ஆற்றுகிறேன். அவளைப் பற்றிப் பெருமை பேசுகிற உரிமையை நானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்திரிக்கொட்டை வறுக்கிற இடத்தில் தீப்பற்றி அவளுடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெருவிரல்கள் மட்டும் தப்பின. டிசைன் படித்த பெண்ணுக்கு மவுஸைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து, இதை நகர்த்து, அதைப் பெரிசாக்கு என்று சொல்லிச் சொல்லி வேலை பார்த்தாள். வந்த ஆட்கள் நிலைக்கவில்லை. அவளுக்கும் அது பிடிக்கவில்லை. தன் வேலையை அடுத்தவர் கையில் செய்வது, அடுத்தவர் வாயால் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பாள்.

ஒருநாள் யாரோ வீடியோ கேம் ஆடுவதைப் போனில் பார்த்திருக்கிறாள். நாமாக இருந்தால் கார் ஓடுவதைப் பார்ப்போம். அவள் ஆடுகிறவனின் கையைப் பார்த்திருக்கிறாள். அவன் இரண்டு கையிலும் பிடித்திருந்த ஜாய்ஸ்டிக்கில் முக்கால்வாசி வேலை பெருவிரலுக்குத்தான். அப்பா ஆத்மநாதனிடம் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். குச்சியைத் தள்ளினால் திரையில் அம்புக்குறி ஓடும், பொத்தானை அமுக்கினால் படம் பிடிபடும். அதன்பிறகு அவளுக்கு யார் கையும் தேவைப்படவில்லை. ஆயுதபூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பாள். ஆத்மநாதன் தினமும் சாயங்காலம் கடை வாசலில் நின்று, தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். மகள் வேலை கெட்டுவிடுமாம்.

அதில் ஒரே ஒரு வில்லங்கம். கம்பெனிக்காரனின் லாஞ்சர் என்கிற சாஃப்ட்வேர் திறந்திருந்தால்தான் அந்த ஜாய்ஸ்டிக்குக்கு உயிர். அதற்கு நெட் வேண்டும், லாகின் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தொடுவதற்குத் தினமும் அவனிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை நடக்கிறதே என்று அவள் சிரித்துவிடுவாள்.

போன ஆவணியில் ஒரு காலையில் ஆத்மநாதன் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்கள் பக்கம் உடலை எடுப்பதற்குள் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். ஊர்ச் சாவுக்கெல்லாம் போட்டவள், அப்பாவுக்கு என் கையால்தான் போடுவேன் என்று இழவு வீட்டிலிருந்து எழுந்து கடைக்கு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததை அவள் காதில் வாங்கவில்லை.

கூட வந்து நான்தான் கம்ப்யூட்டரைப் போட்டேன். லாஞ்சர் தானாகவே அப்டேட் ஆனது. முடிந்ததும், இந்த மாடல் இனி வேலை செய்யாது, புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. அவள் குச்சியைத் தள்ளிப் பார்த்தாள். அம்புக்குறி அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். எனக்கு வாயில் வந்த வசவை இங்கே எழுத முடியாது. நன்றாக இருந்த பொருளை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கொன்றுவிட்டான். புதுக்கோட்டையில் யாரிடமாவது சொல்லி பேனரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்துவிட்டு, மவுஸைப் புறங்கையால் என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணே, ஒங்க கையக் குடுங்க" என்றாள்.

அதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டீ ஆற்றுகிற கைக்கு மவுஸ் அடங்கவில்லை. கொஞ்சம் அங்கிட்டு, இல்லை, இங்கிட்டு என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுத்தெல்லாம் ஒருவழியாக உட்கார்ந்தது. ஆத்மநாதன் படம் மட்டும் லேசாக இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தப் பார்த்தேன், வரவில்லை. தெருவில் வேட்டுச் சத்தம் கேட்டது. போதும், பிரிண்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள். சாய்ந்த படத்தோடுதான் அவரை எடுத்தோம்.

காரியத்துக்கு முன்பே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் கடையில் முதல் வேலையாக லேப்டாப்பில் நெட்டை அணைத்தாள். ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்காக மாட்டச் சொல்லித் தள்ளிப் பார்த்தாள். கலர் கலராக விளக்கெரிந்ததெல்லாம் லாகின் கேட்டது, ஒதுக்கினாள். கடைக்காரர் மூலையில் போட்டிருந்த, பேர் தெரியாத கறுப்பு ஜாய்ஸ்டிக் ஒன்று மாட்டியதும் வேலை செய்தது. அதை மவுஸாக்க இலவசமாகக் கிடைக்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஏற்கெனவே தேடி வைத்திருந்தாள். அது யாரையும் எதையும் கேட்காது.

பதினாறாம் நாள் காரியத்துக்கான பேனரைத் தனியாக உட்கார்ந்து செய்தாள். டீ கொண்டுபோனபோது பார்த்தேன். பின்னணி, எழுத்து எல்லாமே புதிது. ஆனால் ஆத்மநாதன் படம் அதே இடப்பக்கச் சாய்வில் இருந்தது.

"தங்கச்சி, படம் இன்னும் சாஞ்சே இருக்கே. இப்பத்தான் நேரா வைக்க முடியுமே."

பெருவிரலால் குச்சியைத் தள்ளிப் படத்தை நேராக நிறுத்திக் காட்டினாள். அம்சமாக இருந்தது. பிறகு, பழையபடி சாய்த்துவிட்டாள்.

"நேரா வச்சா வெறும் போட்டோவா இருக்குண்ணே. இப்புடி வச்சாத்தான் வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுவதற்குள் குடி என்று டீயை வைத்துவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன்.