முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டர்

நான் ரிக் வண்டி டிரைவர். ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டி. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அப்படிப்பட்டவன் அன்று மட்டும் ஏன் முந்திக்கொண்டு பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். பாடத்துக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். கடையில் தயாராக விற்பது நமக்குக் கட்டாது, சாமான்களைத் தனித்தனியாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தால் கட்டும் என்று அவளே விசாரித்து ஒரு தாளில் எழுதிவைத்திருந்தாள். ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து சேலம் வரைக்கும் அந்தத் தாளை மடியில் விரித்து எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

“பிராசசர் சின்னது போதுங்கப்பா. மானிட்டர் பழசே வாங்கிக்கலாம், எழுத்துத் தெரிஞ்சாச் சரி. ஆனா எல்லாத்தையும் சேத்து வெக்கிற எஸ்எஸ்டி மட்டும் புதுசா வேணும். வேகமே அதுலதான் இருக்குது. வேற எதுல வேணாலும் கொறைச்சுக்குங்க, அதுல மட்டும் கை வெக்காதீங்க.”

எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

அஞ்சு ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரு கடை. என்ன வேலைக்கு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மகள் தாளை எடுப்பதற்குள், “வீட்டு உபயோகத்துக்குத்தானுங்க. கம்ப்ரசர் சின்னதே போதுமுங்க” என்றேன்.

ரிக் வண்டியில் எல்லாமே கம்ப்ரசர்தான். குழிக்குள் காற்றை அடித்து மண்ணை மேலே தள்ளுவது அது. இருபது வருடமாக வாயில் புழங்குகிற சொல், தானாக வந்து விழுந்துவிட்டது.

கவுண்டரில் சாய்ந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், “ஏனுங்க, கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, போர் போட வந்தீங்களா?” என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் போர் போடுகிறவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“எனக்கென்னங்க தெரியும், நான் டிரைவரு. இது எங்க முதலாளி ஊட்டுக்குங்க” என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். கடைக்காரர் மகளைப் பார்த்தார். “அப்ப பாப்பா முதலாளி பொண்ணுங்களா?”

நான் தலையாட்டினேன்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தத் தாள் வெளியே வரவில்லை.

பழைய மானிட்டர் என்று நான்தான் மெதுவாக இழுத்தேன். “முதலாளி ஊட்டுக்குப் பழசுங்களா? நாளைக்கு என்னையில்ல திட்டுவாரு” என்று சொல்லி, கடைக்காரர் அகலமான புது மானிட்டரை எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மானிட்டருக்குப் போன பணத்தை வேறு எதிலாவது பிடிக்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டிக்குப் பதிலாகப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடக்கிறது, போட்டுவிடலாம் என்றார். “உள்ள இருக்கறது யாருக்குங்க தெரியப் போவுது?”

“போடுங்க” என்றேன். பில்லுக்குப் பேர் கேட்டார். முதலாளி பேரைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்ததும் மகள்தான் முதலில் எழுந்தாள். “டிரைவரண்ணா, மானிட்டர் பெட்டிய நீங்க எடுத்துக்குங்க” என்றாள்.

என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அப்படிக் கூப்பிட்டாளா, என்னைக் குத்துவதற்காகக் கூப்பிட்டாளா, தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் படியிறங்கினேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் ஓடியது, ஓடாமல் இல்லை. மகள் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்த் தலை பின்னிக்கொண்டு வருவாள். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே கரகரவென்று சத்தம் வரும். இழுக்க முடியாமல் திணறுகிற இயந்திரத்தின் சத்தம் எனக்குத் தெரியும். “இவ்வளவு பெரிய திரை, என்ன சாமி இத்தனை நேரம்?” என்று என் மனைவி கேட்பாள். “அது அப்படித்தாம்மா” என்பாள் மகள். நடந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் தேவைக்குப் பேசினாள். அப்பா என்கிற சொல் மட்டும் அதில் வரவில்லை.

இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு அவள் காலேஜ் போனதும் மானிட்டரை அதே பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு சேலத்துக்குத் தனியாகப் போனேன்.

“ஏனுங்க, முதலாளிக்குப் புடிக்கலைங்களா?” என்றார் கடைக்காரர்.

“முதலாளிக்கு இல்லீங்க. என்ற ஊட்டுக்குத்தான் வாங்குனேன். அன்னைக்கு கூட வந்தது என்ற புள்ளைங்க.”

அவர் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “தெரியுமுங்க” என்றார். “உங்க மூஞ்சிய அப்படியே உரிச்சு வெச்சிருக்குதே. டிரைவரண்ணான்னு கூப்பிட்டப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க.”

அப்படியானால் அன்று சிரித்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். மறைக்கப் போன நான் ஒருவன்தான் அந்தக் கடையில் எதுவும் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவர் மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பழைய மானிட்டர் ஒன்றும் புது எஸ்எஸ்டியும் கொடுத்தார். பில்லுக்குப் பேர் கேட்டபோது மகள் பேரைச் சொன்னேன். அப்பா பேர் கேட்டார். அதையும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மகளே மூடியைக் கழற்றி அதைப் பூட்டினாள். கம்ப்யூட்டருக்குள் போட வேண்டியதையெல்லாம் போட்டு முடித்துப் பட்டனை அமுக்கினாள். நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது.

“என்ன சொல்லி மாத்துனீங்கப்பா?” என்றாள்.

அவள் கேட்டுவிட்டாள். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். “பெருசுன்னா கண்ணு கூசுதுன்னு சொன்னேன்” என்றேன். அவள் சரி என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்பின் தெரியாத கடைக்காரரிடம் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் பேரோடு என் பேரும் எழுதிய பில்லை மடித்து எஸ்எஸ்டி வந்த சின்ன அட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஏதாவது பழுதானால் கேரண்டிக்காக அவள் அதைத் தேடி எடுப்பாள், பார்ப்பாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர் ஒரு நாள் பழுதாகட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.