அத்தை அடிக்க மறுத்த வரி

என் அத்தை கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில், ஆய்வுக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவர். ஒரு பேராசிரியரின் கோழிக் கிறுக்கல் கையெழுத்து ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் புரியும். பதினோரு வருடப் பழக்கம்.

பேராசிரியர் ஆராய்ந்தது இடைக்கால நாடகங்களையும், வேண்டுமென்றே புரியாதபடி எழுதப்பட்ட பழைய பாடல்களையும். நூலகத்தில் அவருக்கு ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்திருந்தது. அதில் முப்பத்திரண்டு பாடல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பாட்டோடு ஒட்டாமல் இரண்டே சொற்கள். 'அவள் வரமாட்டாள்' என்றிருக்கும். கீழே, 'அப்படியானால் விளக்கை அணை' என்று பாட்டு தொடங்கும். ஞானிகள் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நூற்றைம்பது பக்கம் விளக்கம் எழுதியிருந்தார்.

அதை அடிக்கும்போது அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் அவர் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அங்கே குரல் கொடுப்பவரிடம் முழு வசனமும் தரமாட்டார்கள். அவர் பேச வேண்டியதும், அதற்கு முன் எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு சொற்களும் மட்டும்தான். அப்படிப்பட்ட தாள்களை அத்தை ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார்.

"சார், இது தனிப் பாட்டு இல்ல. ஏதோ நாடகத்துல ஒரே ஒரு ஆளோட பங்கு. மேல இருக்கிற ரெண்டு வார்த்தை, அவர் எப்போ வாயத் திறக்கணும்னு காட்டறதுக்கு. மத்தவங்க பேச்சு இல்லாததாலதான் புரியல."

"நீங்க விரலுக்கு வேலை குடுங்கம்மா. மூளைக்கு நான் இருக்கேன்."

வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அத்தை தலையைக் குனிந்து அடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பேராசிரியர் புதிய தாள்களோடு வந்தார். அதே நூலகத்தில் எதிராளியின் பங்கும் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கேள்வியும் பதிலுமாக நாடகம் ஓடுகிறது. முன்னுரையில் இப்படி எழுதியிருந்தார்: 'நீண்ட சிந்தனைக்குப் பின் இந்த உண்மை எனக்குத் தோன்றியது.' கடைசியில் இன்னொன்று: 'பிழைகள் இருப்பின் அவை தட்டச்சு செய்தவருடையவை.'

பிழை மட்டும் அத்தைக்கு! கண்டுபிடிப்பு பேராசிரியருக்கு.

"நான் சொன்னதுன்னு ஒரு வரி போடுங்க சார். அது போதும்."

"டைப் அடிக்கிறவங்க சொன்னதுன்னு போட்டா புத்தகத்த எவன் மதிப்பான்?"

அத்தை ஒரு வாரத்தில் புத்தகம் முழுவதையும் அடித்து முடித்தார். வாங்க வந்தவரிடம் முன்னுரையைத் திரையில் காட்டினார். நடுவில், 'நீண்ட சிந்தனைக்குப் பின்' என்ற வரி வர வேண்டிய இடம் வெற்றிடம்.

"இத மட்டும் என்னால அடிக்க முடியல சார். நீங்களே அடிச்சுக்குங்க."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். அன்றும் வரிசையில் மாணவர்கள் நின்றார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அத்தை பக்கத்தில் நின்றிருந்த நான், அவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, கால் மணி நேரம் அந்தப் பொய்யை அடித்தார்.

எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.