ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு வயிறு எரியும். இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பிள்ளைகள் லேப் கம்ப்யூட்டருக்கெல்லாம் குங்குமம் வைத்துவிட்டு, "பொரி எடுத்துக்குங்க மேடம்" என்று நிற்பார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? சிரித்தபடி வாங்கிக்கொள்வேன்.

அதற்கு முன் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். புயல் அடிக்கும்போது, கெடிலம் ஆறு கடலில் சேருமிடத்தில் கடல் தண்ணீர் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்பதுதான் என் ஆராய்ச்சி. புயல் எச்சரிக்கை வந்தால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைக்கும் கடலூர்க்காரிக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்? ஆனால் இந்தக் கணக்கைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டால் முடிவதற்குள் நான் கிழவியாகிவிடுவேன். அதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஏசி அறைக்குள் அலமாரி அலமாரியாக நிற்கும். ஒவ்வொரு அலமாரியிலும் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு போர்டு. எல்லா ஆராய்ச்சியாளர்களுக்கும் பொது என்று திறப்பு விழாவில் முழங்கினார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பொது என்றால் வரிசை. 'ஜாப்' என்று பெயர் வைத்துக் கணக்கை அனுப்பிவிட்டு நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையிலாவது நடுவில் நுழைகிறவனைக் கண்ணால் பார்க்கலாம், பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். இங்கே அந்தக் கம்ப்யூட்டர் மையத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியரின் மாணவர்கள் எப்போது முன்னால் போனார்கள் என்றே தெரியாது. நமக்குப் பின்னால் அனுப்பியவன் முடிவை அச்செடுத்துக்கொண்டு போவான். நாம் அங்கேயே நிற்போம்.

எனக்கு மீதம் இருந்தது ஒரே ஒரு கணக்கு. கொடுத்த நீட்டிப்பெல்லாம் தீர்ந்து, ஆய்வேட்டை ஒப்படைக்கும் கடைசிக் கெடு நெருங்கிவிட்டது. அதைத் தாண்டினால் பதிவு ரத்து, இத்தனை வருஷப் பாடும் வீண். ஒருவழியாக சரஸ்வதி பூஜைக்கு முன்னால் என் முறை வந்தது. விஜயதசமி சாயங்காலம் முடிந்துவிடும் என்று காட்டியது. லீவு நாளில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி!

கணக்கு ஓடும்போது நடுநடுவே சேமித்து வைத்தால், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் கூடுதல் இடம் வேண்டும். போய்க் கேட்டபோது, "ஒனக்கு மட்டும் ஜாஸ்தி குடுத்தா மத்தவங்க கேப்பாங்கம்மா" என்றார் இயக்குநர். அப்படியொரு நியாயவான்.

பூஜையன்று கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மா புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போட்டு, "ஒன் தீசிஸயும் குடு, சாமிகிட்ட வெக்கிறேன்" என்று நான் எழுதியவரை இருந்த தாள்கட்டை வாங்கிப் பொட்டு வைத்தாள். "இன்னிக்கி படிக்கக் கூடாதுடி, அந்த லேப்டாப்ப மூடு." மூடுவதற்கு முன் கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப்போனேன். இணைப்பே கிடைக்கவில்லை. நெட்டைத் திட்டிவிட்டு, மையத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஆஃப் பண்ணியாச்சிம்மா. காலையிலதான பூஜ போட்டோம். மிஷினுக்கு ஒரு நாளாச்சும் ஓய்வு குடுக்கணும்னு சார் சொல்லிட்டாரு. நாளைக்கி நல்ல நேரம் பாத்து போட்டுடறேன்."

"ஐயோ, என் ஜாப் ஓடிக்கிட்டு இருந்திச்சேண்ணே!"

"அப்பிடியா? சார் ஒண்ணும் சொல்லலியே."

பூஜை அறையில் அம்மா மணி அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் படிப்பு வர வேண்டுமென்று இங்கே கும்பிட்ட அதே சாமிக்காகத்தான் அங்கே என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழம். உள்ளே அலமாரிக்கு அலமாரி சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அண்ணன் ஒவ்வொன்றாக ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்தார். என் கணக்கு ஓடிய சுவடே இல்லை. கடைசி அலமாரி மட்டும் பொட்டில்லாமல், மாலையில்லாமல், இரைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். சூடாகக் காற்று வந்தது. அது நேற்றிலிருந்தே நிற்கவில்லை.

"இதுக்கு மட்டும் ஏன்ணே பூஜ போடல?"

"அதுல சாரோட ப்ராஜெக்ட்டு ஓடுதும்மா. அத நிறுத்துனா என்னத் தொலச்சிருவாரு."

லீவு முடிந்த அன்றே இயக்குநர் அறைக்குப் போனேன். "சார், கடைசி ரேக்கு மட்டும் ஆயுதம் இல்லியா?" என்றேன். முகம் கறுத்துவிட்டது. "விதண்டாவாதம் பேசாதம்மா. திரும்ப அனுப்பு, வரிசையில வரும்" என்றவர், மேஜைமேல் இருந்த பொரிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "பிரசாதம், எடுத்துக்க." எடுக்காமல் வந்தேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

மறுபடி வரிசையின் கடைசியில் நின்றேன். கெடு வந்தது, போனது. பதிவு ரத்தான பிறகு ஒரு நாள் ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒன் ஜாப் முடிஞ்சிடிச்சிம்மா! ஒரு எர்ரர் கூட இல்ல." அவர்மேல் கோபப்பட முடியவில்லை. யார்மேல் படுவது என்று தெரியாமல் போனை வைத்தேன். முடிவைப் பிறகு பார்த்தேன். கடல் எந்தத் தெருவரை ஏறும் என்று தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

நடந்ததையெல்லாம் பிறகு அம்மாவிடம் சொன்னேன். ஆனாலும் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அந்த ஆய்வேட்டுக் கட்டை எடுத்துப் பொட்டு வைக்கிறாள். விஜயதசமியன்று பூஜையில் வைத்ததை எடுத்துப் படித்தால்தான் படிப்பு விளங்கும் என்பது அவள் கணக்கு. போன வருஷமும் கையில் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு பக்கமாச்சும் படிடி."

"அதுவும் ஓய்வெடுக்கட்டும், விடும்மா" என்றேன்.